அழுக்குப் படாத பஞ்சு

கௌசல்யா போய்விட்டாள் என்று செய்தி வந்தபோது நான் ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கொட்டைத் தோலின் கறுப்பு எண்ணெய். பட்டன் போனை முழங்கையால் அழுத்திவிட்டுக் குனிந்து காதை வைத்தேன். அவள் தங்கை வசந்திதான் பேசினாள்.

"பூங்கோதையக்கா, அக்கா போயிட்டாக்கா. காலையில காப்பி கேட்டா. வாங்கிட்டு வரதுக்குள்ள..."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு ஒன்று சொன்னாள்: "யாரு கேட்டாலும் மாரடைப்புன்னு சொல்லிருங்கக்கா."

இத்தனை நாளும் நானும் அப்படித்தான் சொன்னேன். போன வாரம் செந்துறைப் பக்கத்தில் இருக்கிற நம் தனத்தைப் பார்க்கப் போகும் வரைக்கும் சொன்னேன். தனம் கூட்டத்துக்கு வரவில்லையே, உடம்புக்கு என்னவோ என்று போனால், அவள் மாத்திரை பாட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "கௌசல்யாவே மாத்திரைய விட்டுட்டாளாம்ல. ஊருக்கே சொன்னவ அவ. அவளுக்கே நம்பிக்க இல்லாதத நான் மட்டும் எதுக்கு முழுங்கணும்?" என்றாள். எங்கிருந்தோ பாதிக் கதை கசிந்திருக்கிறது. பாதிக் கதை ஆளைக் கொல்லும். அதனால் முழுக் கதையையும் நான் எழுதுகிறேன். இந்த இதழ் நம் சங்கத்துக்குள் கைமாறுவது. நம் எல்லோருக்கும் எச்.ஐ.வி. உண்டு, அதனால்தான் நாம் சங்கம். கௌசல்யாவும் தன் பேரை மறைத்தவள் இல்லை, மேடையேறிச் சொன்னவள். நான் ஐந்தாம் வகுப்புத் தாண்டாதவள். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கௌசல்யா முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தது முந்திரி வாங்குகிறவளாக. லாரி ஓட்டின என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, எனக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்து, வயிற்றுப்போக்கில் பாயோடு பாயாகக் கிடந்த காலம் அது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் தங்காது. பதினாறு வயது மகள் தனியாளாகவே என்னைத் தூக்கி உட்கார வைப்பாள், அவ்வளவு லேசாக இருந்தேன். எச்.ஐ.வி. சோதனை பண்ணின நம்பிக்கை மையத்திலிருந்து ஆள் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும் என்று பயந்து கிடந்தேன். இவள் கையில் மஞ்சள் பையோடு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பருப்பு இருக்குங்களா? உடைச்சதா, முழுசா?" என்று கத்தினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினதும் குரல் மாறிவிட்டது. "நான் கௌசல்யா. குன்னத்துக்குப் பக்கம். மையத்துல அனுப்பினாங்க. எனக்கும் உங்களுக்கு இருக்கறதுதான். எந்திரிங்கக்கா, முட்டை அவிச்சுத் தரேன்."

வாரா வாரம் வந்தாள். கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, வாயில் ஊற்றி, எச்.ஐ.வி.யை அடக்குகிற கூட்டு மருந்து ஆரம்பிக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப் போனாள். வந்த ஒவ்வொரு தடவையும் ஊருக்காகப் பருப்பு வாங்கியே ஆக வேண்டும். "உன்னைய எழுப்பி விடறதுக்குள்ள பருப்பு தின்னே எனக்குக் கன்னம் வெச்சிரும் போலருக்கேக்கா" என்பாள். சிரிப்போம். அவளுக்குத்தான் கன்னமே கிடையாதே. ஆரம்ப காலத்தில் கொடுத்த பழைய மாத்திரை ஒன்று முகத்துச் சதையை உறிஞ்சிவிட்டது. பிறகு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், போன சதை மட்டும் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் கட்டை விரல் வைக்கிற அளவுக்குக் குழி.

மாத்திரையைப் பற்றி அவள் சொன்னதை உங்களில் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வீர்கள். "அது சாமி இல்ல, கும்பிட வேணாம். வெஷமும் இல்ல, பயப்பட வேணாம். சோறு மாதிரி. தெனமும் போட்டாச் சரி." அந்தச் சோற்றால் நான் பிழைத்தேன். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். பேத்தி இன்று பெரம்பலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வெள்ளைக் கோட்டில் அவள் பஸ் ஏறும்போது நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன், பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பெருமையில் பாதி கௌசல்யாவுக்குச் சேர வேண்டியது. அதை நான் மறைக்கவில்லை. மறைத்தது அவள்தான், அதற்கு வருகிறேன்.

பஞ்சு வைக்கிற பழக்கத்தை நமக்குக் கொண்டுவந்தது அவள். மாத்திரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், வண்டி குலுங்குகிற போதெல்லாம் பாட்டில் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்ப்பாள். ஒரு கூட்டத்தில் கௌசல்யா ஒரு பை நிறையப் பருத்தி கொண்டுவந்தாள், அவர்கள் வீட்டு வயற்காட்டில் எடுத்தது. கொட்டை நீக்கி, ஆளுக்கு ஒரு உருண்டை உருட்டிக் கொடுத்து, "வாயில அடைச்சுக்குங்க, உங்க வாயில இல்ல, பாட்டில் வாயில" என்றாள். அன்றிலிருந்து மாதா மாதம் புதுப் பாட்டிலுக்குப் புதுப் பஞ்சு, அவள் கையால்.

இன்னொன்றும் செய்தாள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டாள். பெரம்பலூர்க் கூட்டத்தில் ஒருவர் பாட்டிலை மற்றவர் வாங்கி, பஞ்சை எடுத்து, எவர்சில்வர் தட்டில் கொட்டி, மிச்ச மாத்திரையை எண்ண வேண்டும். கூடுதலாக மிஞ்சியிருந்தால் ஏன் விட்டாய் என்று கேட்க வேண்டும். எனக்கு ஜோடி அவளே. "என் பாட்டில நீ எண்ணு, உன் பாட்டில நான் எண்ணறேன். ஊருல ஆயிரம் பொய் சொல்லலாம்க்கா, தட்டுல மட்டும் கூடாது" என்றாள். இதையும் அவள்தான் சொன்னாள். என் காதால் கேட்டேன்.

என் பஞ்சு ஒரு வாரத்திலேயே கறுத்துவிடும். முந்திரித் தோல் எண்ணெய் விரலில் ஏறினால் சோப்புக்கும் போகாது, தினமும் அந்த விரலால்தான் பஞ்சை எடுத்து வைக்கிறேன். "என்னக்கா, அடுப்புக்கரிய அடைச்சு வெச்சிருக்கியா?" என்று கௌசல்யா கிண்டல் பண்ணுவாள். அவள் பஞ்சு கொஞ்சம் பழுப்பாக இருக்கும், அவ்வளவுதான். போன வருஷக் கடைசியிலிருந்து அந்தப் பழுப்பும் இல்லை. கொடுத்த அன்று இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. எண்ணிக்கையும் சரி, மிச்சம் இரண்டோ மூன்றோ. ஒரு தடவை கேட்டும்விட்டேன்.

"ஏண்டி, உன் பஞ்சு மட்டும் எப்படி இம்புட்டு வெள்ளையா இருக்கு?"

"கை சுத்தம்க்கா. உன்னைய மாதிரி முந்திரி உடைக்கறனா?"

நான் என் கையைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டேன். என் கண் முன்னாலேயே இருந்தது உண்மை, நான் என் கையை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஊசிக்காரர் வந்தது அதற்கு ஒரு வருஷம் முன்னால். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். திருச்சியிலிருந்து வருகிறேன் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். எச்.ஐ.வி. கெடுத்த எதிர்ப்புச் சக்தியும் இளைத்துப்போன உடம்பும் பெப்டைடு ஊசியில் திரும்பி வரும் என்று நோட்டீசு கொடுத்தார்.

"பெப்டைடுன்னா புரதத்தோட சின்னத் துண்டுங்க. அது உள்ள போயி உங்க எதிர்ப்புச் சக்திக்குப் பாடம் எடுக்கும். தின்ன சோறு உடம்புல ஒட்டும். ஆறே மாசத்துல கன்னம் வந்துரும்."

கௌசல்யா எழுந்தாள். "பாடம் எடுக்கும் சரி. பரிச்ச யாரு சார் வெக்கிறது?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் விடவில்லை. "நெறையப் பேரு குணமாயிருக்காங்க மேடம்."

"ஒருத்தரையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"அவங்க ரகசியத்தக் காப்பாத்தணும்ல மேடம்."

"நாங்க இத்தன பேரு மூஞ்சியத் தொறந்து வெச்சுக்கிட்டுத்தான உக்காந்திருக்கோம். எங்ககிட்ட என்ன ரகசியம்? சரி, மாத்திரைய என்ன பண்றது?"

"ரெண்டும் ஒத்துக்காது. மாத்திரை இருந்தா ஊசி வேலை செய்யாது. நிறுத்திரணும்."

"எந்திரிங்க சார். உங்க பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு" என்றாள். அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்குகிற வரைக்கும் நாம் கைதட்டினோம். தனம்தான் அதிகமாகத் தட்டினாள். கீழே கிடந்த நோட்டீசுகளை எல்லாம் பெருக்கி எடுத்த கௌசல்யா, ஒன்றை மட்டும் மடித்து மஞ்சள் பையில் வைத்தாள். எதற்கடி என்றேன். "டாக்டரம்மாகிட்டக் காட்டணும்க்கா. இந்த மாதிரி ஆளு சுத்தறான்னு சொல்லி வெக்கணும்ல" என்றாள். நான் மெச்சிக்கொண்டேன்.

அவள் செத்த பிறகு அவள் பையிலிருந்த அதே நோட்டீசை நான்தான் நமக்கு மாத்திரை எழுதுகிற டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்கிட்ட அவங்க இத ஒருநாளும் காட்டலியேம்மா" என்றார்கள்.

இடையில் நடந்தது வசந்தி மகளின் வளைகாப்பு. கௌசல்யாவே என்னிடம் பஸ்ஸில் சொன்னது இது, சிரித்துக்கொண்டே சொன்னாள். தங்கை மகளுக்கு வாங்கின வளையலோடு போயிருக்கிறாள். போட்டோ எடுக்கிற நேரம் வசந்தி காதோரம் வந்து, "நீ செத்த அந்தாண்ட நில்லுக்கா. கன்னம் ஒட்டிப்போயிக் கிடக்கு, சம்பந்தி வூட்ல ஒடம்புக்கு என்னன்னு கேப்பாங்க" என்றாளாம். "நான் என்ன பண்ணேன் தெரியுமா? பந்தியில போயி எல போட ஆரம்பிச்சுட்டேன். எல போடறவ மூஞ்சிய எவன் பாக்கறான்?" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. மேடையேறித் தன் நோயைச் சொன்னவள், தன் கன்னத்துக்குத் தோற்றுப் போவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வசந்தியை நான் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு சில மாதத்தில் கௌசல்யாவுக்குக் கன்னம் வந்தது. நிஜமாகவே வந்தது. நாம் எல்லோரும் பார்த்தோம். "என்னத்தடி திங்கிற?" என்று கேட்டால், "உன் பருப்புதான், இப்பதான் வேலை செய்யுது" என்றாள். ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனாள். பிறகு இருமல். பிறகு அந்தக் கன்னம் வந்த வேகத்தில் இறங்கியது, கூடவே தோளும் இடுப்பும் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள். டி.பி. நுரையீரலைத் தின்றுவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் வெந்நீரில் துணி நனைத்து நான் உடம்பு துடைத்துவிட்டபோது அடிவயிற்றில் நீல நீலமாகப் புள்ளிகள் தெரிந்தன. ஊசி போட்ட தடம்.

"கௌசல்யா, அந்தாளுகிட்டப் போனியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கன்னம் வந்துச்சுல்லக்கா?" என்றாள். "கொஞ்ச நாளு. வந்துச்சுல்ல?"

"மாத்திரைய நிறுத்துனியா? நெசத்தச் சொல்லு."

"மாத்திரையும் போட்டேன், ஊசியும் போட்டேன். நீதான எண்ணுன? உனக்குத் தெரியாதா?"

என் எண்ணிக்கையையே எடுத்து என் வாயை அடைத்தாள். நானும் நம்பினேன். ஆமாம், நான்தானே எண்ணினேன் என்று இருந்துவிட்டேன்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, அவள் பாயையும் தலையணையையும் வழக்கப்படி வெளியே போடுவதற்காக வசந்தி தூக்கினாள். "என்னக்கா இது, தலவாணி கல்லு மாதிரி கனக்குது?" என்றாள். பிளேடால் கிழித்தோம். முதலில் பருத்தி வந்தது. அதற்கு நடுவில் பழைய ஜாக்கெட் துணியில் தைத்த பை ஒன்று. அதைப் பிரித்தால் உள்ளே மாத்திரை, வெள்ளை வெள்ளையாக, ஏழு மாதத்து மாத்திரை. பஞ்சு சுற்றியிருந்ததால் சத்தமே வரவில்லை. புதுப் பாட்டில் கையில் வந்ததும் மொத்தத்தையும் கொட்டி இதில் சேர்த்துவிட்டு, தட்டில் காட்டுவதற்கு மட்டும் இரண்டு மூன்றை விட்டு வைத்திருக்கிறாள். பாட்டிலை ஒரே ஒரு தடவைதான் திறந்திருக்கிறாள். பஞ்சு எப்படி அழுக்காகும்?

வசந்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, யாரும் இல்லாத பாயைப் பார்த்து, "தட்டுல பொய் கூடாதுன்னு சொன்னது யாருடி?" என்று கத்திவிட்டேன். பிறகு மிச்சத்தையும் எண்ணி முடித்தேன், சரியாக ஏழு மாதக் கணக்கு.

டாக்டரம்மா நோட்டீசை இரண்டு தடவை படித்தார்கள். "பெப்டைடுங்கறது பொய் இல்லம்மா. அத வெச்சு எதிர்ப்புச் சக்தியத் தூண்ட முடியுமான்னு உலகத்துல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா இந்த நோய்க்கு அது இன்னும் மருந்தா வரல. இந்த ஊசியில என்ன இருந்துச்சோ யாருக்குத் தெரியும்? அந்தக் கன்னம் சதையா இருக்காது, வீக்கமா இருக்கும். எதுவா இருந்தாலும் மாத்திரைய நிறுத்தச் சொன்னான் பாருங்க, அங்கதான் அவங்க உயிர் போச்சு" என்றார்கள். அந்த ஆள் பேரில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். நோட்டீசில் இருந்த நம்பர் இப்போது வேலை செய்யவில்லை.

அந்த ஆள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அவன் யாரோ. கௌசல்யா யாரோ இல்லை. என்னைப் பாயிலிருந்து எழுப்பினவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எனக்குக் கன்னம் வேணும்க்கா" என்று சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? வளைகாப்புக் கதைக்குச் சிரித்தேனே, அதனால்தான் சொல்லவில்லையோ? இந்தக் கேள்வியை எனக்கு விட்டுவிட்டுப் போனதற்காகவும் அவள் மேல் கோபமாக இருக்கிறது. ஏழு மாதம் என்னைத் தட்டு முன்னால் உட்கார வைத்துப் பொம்மை மாதிரி எண்ண விட்டாள். இதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன்.

தனம், இனிமேல் எழுதுவது உனக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பிய அவள் மஞ்சள் பையை வசந்தி என்னிடம் தந்துவிட்டாள். அதில் அந்த மாதத்துப் பாட்டில் இருந்தது, கூட்டத்தில் எனக்குக் காட்டாத கடைசிப் பாட்டில். திறந்தேன். பஞ்சு அழுக்காக இருந்தது. விரல் பட்டு விரல் பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறி, ஒரு பக்கம் கஞ்சித் தண்ணீர் பட்டுக் காய்ந்திருந்தது. மாத்திரையைத் தட்டில் கொட்டி எண்ணினேன். முப்பதில் பத்தொன்பது இருந்தது. தலையணைப் பையில் வெறும் ஏழு மாதத்துக் கணக்குத்தான், இந்தப் பதினொன்று அதில் இல்லை.

அவள் திரும்பி வந்திருக்கிறாள், தனம். ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முன்னால், இருமிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தினமும் ஒன்று என்று பதினோரு நாள் பாட்டிலைத் திறந்து விழுங்கியிருக்கிறாள். கௌசல்யா மாத்திரையை விட்டுவிட்டாள் என்று நீ கேள்விப்பட்டது நிஜம். கடைசியில் அவள் கை அந்தப் பாட்டிலைத்தான் தேடியது என்பதும் நிஜம். நாள்தான் போதவில்லை. உனக்கு நாள் இருக்கிறது.

தலையணையிலிருந்த வெள்ளைப் பஞ்சை நான் வசந்தியிடமே விட்டுவிட்டு வந்தேன், எரித்தாளோ என்ன செய்தாளோ. இந்த அழுக்குப் பஞ்சை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். கௌசல்யா என்னிடம் சொன்ன கடைசி உண்மை அது ஒன்றுதான்.

பரணிலிருந்து பாட்டிலை இறக்கு. நீயாக ஆரம்பிக்க வேண்டாம், முதலில் என்னோடு டாக்டரம்மாவிடம் வா, அவர்கள் சொல்கிறபடி செய்வோம். வருகிற கூட்டத்திலிருந்து நீ எனக்கு ஜோடி. என் பாட்டிலை நீ எண்ணு, உன் பாட்டிலை நான் எண்ணுகிறேன். ஆனால் மாத்திரைக்கு முன்னால் உன் பஞ்சைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
பூங்கோதை
ஆண்டிமடம்